மருதானை வழியே ஓடிய ட்ராம்



திம்புள்ளைப் பகுதியிலிருந்து ரயிலேறி கொழும்புக்குச் செல்பவர்கள் மருதானையைத் தாண்டித்தான் கோட்டையில் இறங்குகிறார்கள். அந்த மருதானைத் தெருவில் ஒரு காலத்தில் மின்சார ட்ராம் வண்டிகள் ஓடின. உங்கள் வீட்டில் எண்பது வயதை எட்டிய உம்மம்மா இருந்தால் கேட்டுப் பாருங்கள். அதில் ஏறிய கதையைச் சொல்லக்கூடும்.

இந்தியாவில் முதலாவது மின்சார ட்ராம் 1895இல் சென்னையில் ஓடியது. அங்கு முதலில் தெருவுக்கு அடியில் மின்கம்பி பதித்தார்கள். மழைவெள்ளம் புகுந்து தொல்லை தரவே, கம்பியைத் தலைக்கு மேலே கட்டினார்கள். கொழும்பிலும் இந்த மேல்கம்பி முறைதான். கூரையில் நிற்கும் கோல் கம்பியைத் தொட்டு மின்சாரத்தை இறக்கும். அது மோட்டாரைச் சுழற்றிவிட்டுத் தண்டவாளம் வழியாகத் திரும்பிப் போகும்.

கொழும்பு ட்ராம் சேவையைத் தொடங்கியது பூஸ்டெட் சகோதரர்கள் என்ற ஆங்கிலேய வணிக நிறுவனம். கோட்டையிலிருந்து ஒரு பாதை கிராண்ட்பாஸுக்கும், மற்றொன்று பொரளைக்கும் சென்றன.

வண்டி ஓடியது மின்சாரத்தால் மட்டுமா? அதை ஓட்டியவர்களின் வியர்வையாலும்தான். 1929 ஜனவரியில் ட்ராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஏ. ஈ. குணசிங்க தலைமை தாங்கினார். பிப்ரவரியில் மருதானையில் கலவரம் மூண்டது. பொலிஸார் சுட்டதில் உயிர்கள் பலியாயின. அதே ஆண்டில் முதலாளிமார் சம்மேளனம் தொழிற்சங்கத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது.

மலைநாட்டு லயங்களுக்கு அந்த விடிவு உடனே வரவில்லை. முன்பு குணசிங்கவுடன் இருந்து பிரிந்த கோ. நடேசய்யர், 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனத்தைத் தொடங்கினார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளர் துயரைப் பாட்டாகப் பாடி மக்களைத் திரட்டினார். தோட்ட முதலாளிமார் சங்கங்களுடன் உடன்படிக்கைக்கு வந்ததோ 1940இல்தான்.

1944இல் கொழும்பு மாநகர சபை ட்ராமைப் பொறுப்பேற்றது. 1960இல் அது நின்றுபோனது. ட்ராம் போய்விட்டது, கூலிக்காகக் காத்து நிற்பவர்கள் போய்விட்டார்களா?

உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். நம் கடையில் நிற்கும் பையனும், தோட்டத்திலிருந்து வந்து நம் அடுப்படியில் வேலை செய்யும் பெண்ணும் தம் கூலிக்காக வாய் திறந்து கேட்க வேண்டிய நிலை வரலாமா? மாதம் முடிந்ததும் அவர்கள் கேட்குமுன் கொடுத்துவிடுங்கள். பெருநாள் வரட்டும் என்று தவணை சொல்லாதீர்கள்.