வேறுபாடு உண்மையா, தற்செயலா?

இரு குழுக்களின் சராசரிகள் வேறுபடும்போது, அவ்வேறுபாடு உண்மையானதா, தற்செயலாக நேர்ந்ததா என்று பிரித்தறிவது புள்ளியியலின் அடிப்படைப் பணிகளுள் ஒன்றாகும். டப்ளின் நகரின் கின்னஸ் பீர் ஆலையில் பணியாற்றிய வில்லியம் சீலி காசெட், பார்லி முதலிய மூலப்பொருள்களைச் சில மாதிரிகளைக் கொண்டே மதிப்பிட வேண்டியிருந்ததால், சிறு மாதிரிகளுக்கு ஏற்ற வழியொன்றை வகுத்து, 1908இல் ‘ஸ்டூடண்ட்’ என்னும் புனைபெயரில் வெளியிட்டார்.

அதில் அவர் எடுத்துக்கொண்ட சான்றுகளுள் ஒன்று, 10 நோயாளிகளுக்கு இரண்டு தூக்க மருந்துகளைத் தனித்தனியே அளித்துப் பெற்ற அளவீடுகளாகும். முதல் மருந்தால் தூக்கம் சராசரியாக 0.75 மணி நேரமும், இரண்டாவதால் 2.33 மணி நேரமும் கூடியது. இடைவெளி 1.58 மணி நேரம் எனினும், அது ஆளுக்கு ஆள் சுழியிலிருந்து 4.6 வரை மாறியதால், சராசரியை மட்டும் நம்பி முடிவுகட்ட இயலாது. ஆகவே, இச்சிதறலையும் நோயாளிகளின் எண்ணிக்கையையும் கொண்டு, சராசரி எவ்வளவு தடுமாறக்கூடும் என்பதைக் காட்டும் ‘திட்டப் பிழை’ கணக்கிடப்படுகிறது. இங்கு அது ஏறத்தாழ 0.39 ஆகும். இடைவெளியை அதனால் வகுத்தால் கிடைக்கும் 4.06 என்னும் ஈவே இன்று டி-மதிப்பு எனப்படுகிறது. மருந்துகளிடையே வேறுபாடே இல்லையெனில், இவ்வளவு பெரிய ஈவு ஆயிரத்தில் ஏறத்தாழ மூன்று முறையே தோன்றும் என்பதால், இரண்டாவது மருந்தின் மேன்மையைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம். சராசரியோடு சிதறலையும் எண்ணிக்கையையும் சேர்த்து நோக்கும் ஒப்பீடே நம்பத்தக்கது.