போரில் யாருக்கு இலாபம்?



என் பாட்டியிடம் ஒரு சோடித் தங்கத் தோடு இருந்தது. தீபாவளிக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் மட்டுமே அதைப் போடுவார். வீட்டில் அதற்குக் 'கொரியாச் சண்டைத் தோடு' என்று பெயர். கொரியா நாட்டில் செய்த தோடு போலும் என்று சிறு வயதில் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மைக் காரணம் பிறகுதான் விளங்கியது.

1950-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் கொரியாவில் போர் மூண்டது. போர் என்றால் லாரிக்கும் ஜீப்புக்கும் விமானத்துக்கும் டயர் வேண்டும். டயருக்கு ரப்பர் வேண்டும். நாளை கிடைக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற அச்சத்தில், அமெரிக்கா போன்ற நாடுகள் ரப்பரை வாங்கிக் குவித்தன. 1949-இல் ஓர் இறாத்தல் ரப்பரின் சராசரி விலை 40 காசுக்கும் குறைவு. 1951-இல் அது ஒன்றரை வெள்ளியைத் தாண்டியது. மரமும் அதே மரம்தான், வெட்டிய கையும் அதே கைதான். ஆனால் எங்கோ விழுந்த குண்டுகளால் இங்கே விலை ஏறியது, கூலியும் ஏறியது. பாட்டி தோடு வாங்கினார். குவித்தது போதும் என்று வாங்குவது குறைந்ததும், விலை இறங்கத் தொடங்கியது. போர் நிறுத்தம் ஏற்பட்ட 1953-இல் அது 70 காசுக்கும் கீழே வந்துவிட்டது.

அந்தத் தோட்டைக் கழற்றிப் பெட்டியில் வைக்கும்போதெல்லாம் பாட்டி ஒரு வார்த்தை சொல்வார்: "இதைக் கொடுத்ததும் சண்டைதான். எங்க அண்ணனக் கொண்டுபோனதும் சண்டைதான்."

பாட்டியின் அண்ணன் சயாமுக்குப் போனவர். ஜப்பானியர் ஆட்சியில், 1942-இலிருந்து 1943 அக்டோபர் வரை, தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீள ரயில் பாதை போடப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். நல்ல சம்பளம் என்று ஆசை காட்டிச் சிலரை அழைத்தார்கள். வலுக்கட்டாயமாகப் பலரைப் பிடித்துச் சென்றார்கள். காலராவும் மலேரியாவும் பசியும் அடியும் அவர்களில் பெரும் பகுதியினரைக் கொன்றன. அக்காலத்தில் புழங்கிய, வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டு, 1945-இல் ஜப்பான் சரணடைந்ததும் வெறும் காகிதமாகிவிட்டது. பாட்டியின் அண்ணன் திரும்பவில்லை. எங்கே புதைத்தார்கள் என்பதும் தெரியவில்லை.

நேயர்களே, ஒரே வீட்டுக்குள் இரண்டு போர்கள் வந்தன. ஒன்று ஓர் உயிரை எடுத்தது. மற்றொன்று தோட்டைக் கொடுத்தது. கொரியாவில் செத்தவனுக்கும் ஒரு தங்கை இருந்திருப்பாள் அல்லவா? ஆனால் விலை ஏறிய அந்த நாளில் யார் அவளை நினைத்தார்கள்? இதற்காக நம் முன்னோரைக் குறை சொல்ல முடியாது. கையருகே இருக்கும் காசு பெரிதாகத் தெரியும்; தூரத்தில் விழும் பிணம் சிறிதாகத் தெரியும். அது மனித இயல்பு. பெரிய அளவில் போரால் பணம் சேர்ப்பவர்கள் இந்த இயல்பின் மேல்தான் நிற்கிறார்கள்.

எல்லாப் போரும் பணத்துக்காகவே நடக்கிறது என்றும் நான் சொல்லமாட்டேன். அச்சம், மண்ணாசை, வீம்பு, பழிவாங்கும் எண்ணம் ஆகியவையும் போரை மூட்டுகின்றன. தன் வீட்டைக் காக்கப் போராட வேண்டிய நிலையும் சிலருக்கு வருகிறது. ஆனால் எவர் பற்ற வைத்த தீயானாலும், அதில் மண்ணெண்ணெய் ஊற்றுவது பெரும்பாலும் பணம்தான். இதைச் சொன்னவர்களில் ஒருவர் படைத் தளபதியாகவே இருந்தவர். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளை நடத்திய ஐசன்ஹோவர், அமெரிக்க அதிபர் பதவியை விட்டு விலகும் வேளையில், 1961 ஜனவரி 17-ஆம் நாள் தம் மக்களை எச்சரித்தார். இராணுவமும் ஆயுதத் தொழிலும் கூட்டுச் சேர்ந்து அரசில் அளவுக்கு மீறிய செல்வாக்குப் பெற விடக்கூடாது என்பதே அவர் சொன்னதன் சாரம்.

இனி, புகழ்பெற்றவர்கள் போரை எதிர்த்துப் பேசுவதைப் பார்ப்போம். குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியை நம் பெரியவர்கள் அறிவார்கள். 1975 ஜூலை முதல் நாள் கோலாலம்பூர் மெர்டேகா அரங்கில் ஜோ பக்னரோடு 15 சுற்று மோதி வென்றவர் அவர்.

அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1967 ஏப்ரல் 28-ஆம் நாள், வியட்நாம் போருக்காகப் படையில் சேர அவரை அழைத்தார்கள். அப்போது அவர் உலக வெற்றி வீரர், வயது 25. தம் சமயமும் மனச்சாட்சியும் இடம் தரவில்லை என்று மறுத்தார். வியட்காங் படையினரோடு தமக்குப் பகை இல்லை என்றும், சொந்த நாட்டில் கறுப்பின மக்களுக்கே உரிமை இல்லை என்றும் சொன்னார். பட்டம் பறிபோனது. 5 ஆண்டுச் சிறையும் 10,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீடு செய்ததால் சிறைக்குப் போகவில்லை. ஆனால் ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் மேடையேற முடியவில்லை. ஒரு வீரனின் உடல் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகள் அவை. பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிய பல குடும்பங்கள் அவரைக் கோழை என்று ஏசின. அந்தத் தாய்மாரின் வேதனையும் பொய்யன்று. 1971 ஜூன் 28-ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. இழந்த ஆண்டுகளை எந்த நீதிமன்றமும் திருப்பித் தர முடியாது.

இதிலிருந்து நாம் ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்ளலாம். நடிகரோ பாடகரோ விளையாட்டு வீரரோ போரைப் பற்றிப் பேசினால், மூன்று கேள்விகள் கேளுங்கள். இதைச் சொல்வதால் இவர் எதை இழக்கிறார்? சொல்லும் செய்தியை அறிந்து சொல்கிறாரா? தமக்கு வேண்டியவர்கள் குண்டு போட்டாலும் இதையே சொல்வாரா? புகழ் ஒருவரின் குரலை உரக்கக் கேட்கச் செய்யும், அறிவைக் கொடுத்துவிடாது. ஆகவே, கேட்பதைக் கேளுங்கள். சிந்திக்கும் வேலையை அவரிடம் ஒப்படைத்துவிடாதீர்கள்.

பிள்ளைகளே, இன்று ஒரு காரியம் செய்யுங்கள். சயாமுக்குப் போனவர் யாராவது நம் குடும்பத்தில் உண்டா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அவர் பெயரையும், எந்தத் தோட்டத்திலிருந்து போனார் என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர்களில் பலருக்குக் கல்லறை இல்லை, பெயராவது இருக்கட்டும்.

பாட்டி அந்தத் தோட்டை என் அக்காளின் திருமணத்துக்குக் கொடுத்தார். கொடுக்கும்போதும் தம் அண்ணன் பெயரைச் சொல்லித்தான் கொடுத்தார்.