ஊசி போட்ட திராட்சையா, அண்ணாச்சி?

ஆழ்வார்குறிச்சி, கடையம், அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் பழம் விற்கும் நம் வியாபாரிகள் எல்லோரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள். “இல்லம்மா, நல்ல பழம்” என்று சொல்லி எடை போட்டு விடுகிறோம். ஆனால் விஷயம் தெரிந்து பதில் சொல்வது வியாபாரத்துக்கு நல்லது. கொள்முதலுக்கு இன்னும் நல்லது.

ஊசி என்பது கட்டுக்கதை. மருந்து என்பது உண்மை. அதன் பெயர் ஜிப்ரலிக் அமிலம். ஜப்பானில் நெற்பயிர் தாறுமாறாக உயர்ந்து சாயும் ஒரு நோயை ஆராய்ந்த குரோசாவா, பூஞ்சை சுரக்கும் ஒரு பொருளே அதற்குக் காரணம் என்று 1926-ல் காட்டினார். அந்தப் பொருள்தான் இது. செடிகளிலும் இயற்கையாகவே உண்டு. திராட்சை மணி பருப்பதற்கு வேண்டியதை அதன் விதையே சுரந்து கொடுக்கிறது. விதையில்லாத ரகத்துக்கு அந்த வசதி இல்லாததால் மணி சிறுத்துவிடும். ஆகவேதான் நாசிக், சாங்கிலி பக்கமிருந்து வரும் தாம்சன் பச்சைத் திராட்சைக்குக் கொத்தை மருந்தில் நனைக்கிறார்கள். லிட்டர் தண்ணீருக்கு 25 மில்லிகிராம் அளவில், பூ மூடி உதிரும்போது ஒரு முறையும் மணி மிளகு அளவில் இருக்கும்போது மறுமுறையும் நனைப்பது நம் ஊர் வேளாண் சிபாரிசு. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை விதையுள்ள ரகம். மணி பருக்க விதையே அதற்குப் போதும்.

அளவோடு போட்டால் குற்றமில்லை. மிஞ்சினால் நஷ்டம் நம் தலையில்தான் விழும். மருந்து அதிகமான கொத்தில் காம்பு தடித்து விறைத்துப் போகும். லாரியில் குலுங்கி வரும்போது மணி உதிரும். பெட்டியைத் திறந்தால் அடியில் உதிரி. அதைக் கொத்து விலைக்கு யார் வாங்குவார்? போர்குளோர்பெனுரான் என்று இன்னொரு மருந்து உண்டு. அது மணியைப் பருமனாக்கும், தோலைக் கெட்டியாக்கும், தூரப் பயணத்தையும் தாங்க வைக்கும். ஆனால் இனிப்பு ஏறுவது தள்ளிப் போகும். பெரிய மணியைக் கண்டு அவசரமாக அறுத்துவிட்டால் புளிப்புதான் மிஞ்சும். வாழை, மாம்பழம் போலத் திராட்சை பறித்த பிறகு பழுக்காது என்பதை மறக்க வேண்டாம். கடையில் எத்தனை நாள் வைத்தாலும் புளிப்பு புளிப்பே. கறுப்பு ரகங்களில் நிறம் ஏற எத்ரல் தெளிப்பதும் உண்டு. அங்கே நிறத்தை மட்டும் நம்பி விலை பேசக் கூடாது.

ஆகவே மார்க்கெட்டில் கொத்தைக் காம்பில் பிடித்து லேசாக உதறிப் பாருங்கள். மேல் மணியைத் தின்று முடிவு செய்யாதீர்கள். கொத்தின் நுனி மணிதான் கடைசியில் இனிக்கும், அதைத் தின்று பாருங்கள். காம்பு பச்சையாக இருக்க வேண்டும்.

பெரிய வியாபாரிகளே இதில் அடிபட்டதுண்டு. 2010-ல் ஐரோப்பாவுக்குப் போன இந்தியத் திராட்சையில் குளோர்மெக்வாட் குளோரைடு எச்சம் இருப்பது தெரிந்தது. கொடியின் வேகத்தை அடக்கவும் காய்க்கும் மொட்டுகளைப் பெருக்கவும், கவாத்துக்குப் பின் தெளிக்கும் மருந்து இது. பழம் வருவதற்குப் பல மாதம் முன்பே தெளிப்பதுதானே என்று இருந்துவிட்டார்கள். அது கொடியில் தங்கிப் பழத்துக்கு வந்துவிட்டது. அப்போது அங்கே கிலோவுக்கு 0.05 மில்லிகிராம்தான் அனுமதி இருந்தது. இங்கே ஏற்றுமதிக்கு முன் செய்யும் சோதனைப் பட்டியலில் அப்போது அந்த மருந்தே இருக்கவில்லை. சரக்கு துறைமுகத்தில் நின்றது; ஏற்றுமதி செய்தவர்களுக்கும் பழம் கொடுத்த விவசாயிகளுக்கும் பலத்த அடி. தோட்டத்தில் எப்போது என்ன தெளித்தார்கள் என்று கேட்டு எழுதி வாங்கும் பழக்கம் எவ்வளவு அவசியம் என்பதை அந்த ஆண்டு காட்டியது. நம் அளவில், கமிஷன் கடை பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொன்று. மணியின் மேல் சாம்பல் பூத்தது போலிருக்கும் படலத்தைப் பார்த்து மருந்து என்று பயப்படுகிற வாடிக்கையாளர் அதிகம். அது பழத்தின் இயற்கையான மெழுகு. அழகுக்காக அதைத் துடைத்து அடுக்கும் கடைக்காரர்கள் உண்டு. துடைத்த பழம்தான் சீக்கிரம் வாடும்.