கூழும் பொருளும்

அண்மையில் ஒருநாள் திருக்குறளில் இறைமாட்சி அதிகாரத்தைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். அரசுக்குரிய ஆறு அங்கங்களுள் ஒன்றாகக் கூழை எண்ணுகிறார் வள்ளுவர். மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, படையோடும் அரணோடும் கூழை ஏன் சேர்த்து வைத்தார்?" என்றான். வகுப்பிலே சிரிப்பு எழுந்தது. கூழ் என்பது உணவு; உணவுக்கு ஏதுவாகிய பொருளை அது ஈண்டுக் குறிக்கும் என்பது பரிமேலழகர் கருத்து. அவ்வாறே விடை கூறினேன். மாணவன் அமர்ந்துவிட்டான். என் மனம் அமரவில்லை. அவ்வுரையை நெட்டுருப் பண்ணிய காலத்தில் நான் செய்த பிழையொன்று நினைவுக்கு வந்தது.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்து வலிகாமத்திலே ஒரு பனங்கூடலின் அருகில் இருந்தது. அம்மாவின் அடுக்களையில் இரண்டு பாத்திரங்களுக்கு ஓய்வில்லை. ஒன்று ஒடியற் கூழ் காய்ச்சும் பானை. மற்றது பழஞ்சோற்றுச் சட்டி. முன்னது மாலையிற் சுடச்சுட. பின்னது காலையிற் குளிரக்குளிர.

கூழ் காய்ச்சும் முறையை அறியாத இளைஞர் இன்று பலர். ஆதலின் சிறிது விரித்துரைக்கின்றேன். பனங்கிழங்கை அவியாமற் பிளந்து வெயிலிற் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தாற் புழுக்கொடியல். கூழுக்கு ஆவது ஒடியல் மா. பத்துப் பேருக்கு ஏறக்குறைய 250 கிராம் போதும். மாவை நீரிற் கரைத்துச் சில மணிநேரம் வைத்து, மேலே தெளியும் நீரை வடித்துவிடுக. கசப்பு அந்நீரோடு போகும். பானையில் நீர் கொதித்ததும் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு என்பவற்றை இடுக. அவை அரைவேக்காடானதும் மீன்தலை, நண்டு, இறால் சேரும். மீன் உண்ணாதார் முருங்கையிலையோடு அமைவர். செத்தல் மிளகாய், மிளகு, மஞ்சள் அரைத்த கூட்டைப் பழப்புளியிற் கரைத்து, மாவோடு கலந்து வார்த்து, அடிப்பிடியாமல் அகப்பையால் துழாவுதல் வேண்டும். தடித்து, அகப்பையில் ஒட்டி ஒழுகும் பதத்தில் இறக்குக. பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தி, அதில் வார்த்துக் குடிப்பது மரபு.

பழஞ்சோற்றுக்கு அடுப்பே வேண்டா. இரவு மிஞ்சிய சோற்றுக்கு நீர் வார்த்து மண்சட்டியில் மூடிவைத்தால், விடியும்போது இலேசாகப் புளித்திருக்கும். கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் இரவெல்லாம் செய்த வேலை அது. கையாற் பிசைந்து, மோரும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் உப்பும் சேர்த்துத் தேசிக்காய் பிழிந்தால், சித்திரை வெயிலும் சிறிது தோற்கும்.

இனி என் பிழைக்கு வருகிறேன். 1995 ஆம் ஆண்டின் முற்பகுதி. பெயருக்கு முன்னே 'பண்டிதர்' என்று எழுதப் பழகிய புதிது. என்னைப் பாராட்ட ஆசிரியப் பெரியார் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அன்று கூழ் காய்ச்சியிருந்தது. கோலிய பலாவிலையுடன் விறாந்தைக்கு வந்த அம்மாவை வாசலிலே மறித்தேன். "இதையே அவருக்குக் குடுக்கிறது? தேத்தண்ணி போதும்" என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஈர்க்கைக் கழற்றி வைத்துவிட்டுக் கேத்தலை அடுப்பில் ஏற்றினார். பெரியாரும் நானும் பரிமேலழகரின் நுட்பங்களைப் பேசிக்கொண்டிருந்தோம்.

அவ்வாண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் பெயர்ந்தது. கொட்டும் மழையில் இலட்சக்கணக்கானோர் தென்மராட்சியை நோக்கி நடந்தோம். என் தோளிலே நூல்கள். அம்மாவின் தலையிலே ஒரு மூட்டை. பாடசாலையொன்றின் வகுப்பறையில் ஐந்து குடும்பங்கள் ஒதுங்கினோம். அங்கே அம்மா மூட்டையை அவிழ்த்தார். பொலித்தீன் உறையில் நனையாமற் கட்டிய ஒடியல் மா! ஒருவர் மரவள்ளிக்கிழங்கு தந்தார். ஒருவர் ஒரு பிடி அரிசி தந்தார். வேலியிலிருந்து முருங்கையிலை வந்தது. மீன் இல்லை. கூழ் இறக்கும் வேளையில் வேறு நால்வர் நனைந்தபடி வந்து நின்றனர். அம்மா இரண்டு செம்பு வெந்நீர் வார்த்துத் துழாவினார். எல்லாரும் குடித்தோம்.

"எவ்வளவு மா போட்டனீங்கள், அம்மா?" என்று கேட்டேன்.

"முதல் ஆக்களை எண்ணு, தம்பி. மாவைப் பிறகு பாப்பம்."

அரணும் அமைச்சும் அற்ற அவ்வறையிலே, வள்ளுவர் சொன்ன ஆறனுள் குடியும் நட்பும் கூழுமே எங்களிடம் எஞ்சியிருந்தன. அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க எண்ணினேன், நா எழவில்லை. பானையைக் கழுவி வைத்தேன். அவ்வளவே. அம்மா மறைந்து இன்று பல ஆண்டுகள்.

மறுநாட் பாடத்தில் இவற்றையெல்லாம் மாணவருக்குச் சொன்னேன். சிரிப்பு எழவில்லை. வினாவிய மாணவனே மீண்டும் எழுந்தான். "ஐயா, அந்தப் பெரியவருக்குக் கூழ் பிடிக்காதா?" என்றான்.

அவரை நான் கேட்கவே இல்லை.