நெல்லிக்காய் ஜாடியும் மூணு மாச சுகரும்

சுகர் டெஸ்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் பல வீடுகளில் பாகற்காய் அடுப்பேறும். காபியில் சர்க்கரை நிற்கும், சோறு பாதியாகும். வெறும் வயிற்றில் எடுக்கும் ரத்தம் இந்த நாடகத்தை ஓரளவு நம்பிவிடும். ஹெச்பிஏ1சி நம்பாது. ‘மூணு மாச சுகர்’ என்று நாம் சொல்வது அதைத்தான். அதற்கும் ஏமாறும் நேரம் உண்டு. ஆனால் ஏமாற்றுவது பாகற்காய் அல்ல, ரத்தச் சிவப்பணுவின் ஆயுள்.

ஒரு பீங்கான் ஜாடியில் தேன் நெல்லி ஊறுவதாக வைத்துக்கொள்வோம். கொஞ்சம் விசித்திரமான ஜாடி. தினமும் காலையில் பத்துப் புதுக் காய் உள்ளே போகும். இருப்பதிலேயே பழைய பத்துக் காய் வெளியே வரும். ஒவ்வொரு காயும் 120 நாள் ஊறும். ஆக, எப்போது எட்டிப் பார்த்தாலும் உள்ளே 1,200 காய். நேற்றுப் போட்டது உள்ளே இன்னும் துவர்ப்பாகவே இருக்கும்; நான்கு மாதக் காய் கொட்டை வரை இனிக்கும்.

ஜாடியிலுள்ள பாகு நம் ரத்தம். காய்கள் சிவப்பணுக்கள். காயின் சதை, ஹீமோகுளோபின். புதுக் காய் போடுவது எலும்பு மஜ்ஜை. அது போடும் வேகம் விநாடிக்குச் சுமார் இருபது லட்சம். முதிர்ந்ததைப் பொறுக்கி எடுப்பது மண்ணீரலும் கல்லீரலும். சிவப்பணுவுக்குள் சர்க்கரை நுழைய இன்சுலினின் அனுமதி தேவையில்லை. பாகு எவ்வளவு இனிப்போ அதற்கேற்பக் காயும் இனிக்கும்.

இங்கே நெல்லிக்காய் ஒரு விஷயத்தில் காலை வாரும். தேன் நெல்லியைத் தண்ணீரில் போட்டால் இனிப்பு கொஞ்சம் திரும்பி வந்துவிடும். ஹீமோகுளோபினில் ஒட்டி நிலைத்த சர்க்கரை அப்படி இறங்காது. அதற்குத் தோசைதான் சரியான உவமை. கல்லில் சிவந்த மாவு மறுபடி வெளுப்பதில்லையே! சொல்லப்போனால் இது வெறும் உவமையும் அல்ல. தோசை சிவப்பதும் சர்க்கரை புரதத்தோடு சேரும் வினைதான். அதன் முதல் கட்டம்தான் நம் உடம்பின் மிதமான சூட்டில், நெய்யில்லாமல், மாதக்கணக்கில் நடக்கிறது.

லேபில் ஒரு குழாய் ரத்தம் எடுப்பது, ஜாடியிலிருந்து ஒரு கைப்பிடி காயை அள்ளி மொத்தமாக ருசி பார்ப்பதற்குச் சமம். நூறு பங்கு ஹீமோகுளோபினில் எத்தனை பங்கில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்பதே விடை. 5.7க்குக் கீழே இருந்தால் இயல்பு, 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நோயாளிகளின் ரத்தத்தில் இந்த வகை ஹீமோகுளோபின் கூடுதலாக இருப்பதை 1968இல் கண்டு சொன்னவர் ஈரானைச் சேர்ந்த சாமுவேல் ரஹ்பார்.

‘மூணு மாசம்’ என்பதும் முழு உண்மையல்ல. கடைசி மாதப் பாகில் ஜாடியிலுள்ள அத்தனை காயும் ஊறியிருக்கும். நான்கு மாதத்துக்கு முந்தைய பாகோ மிகப் பழைய காய்களுக்கு மட்டும்தான் தெரியும். அதனால் முடிவில் ஏறக்குறையப் பாதி கடைசி மாதத்தின் கணக்கு. பொங்கல், தீபாவளி முடிந்த கையோடு டெஸ்ட் எடுப்பவர்கள் கவனிக்க.

இனிதான் விவகாரம். 120 நாள் என்பது எல்லோருக்கும் பொருந்துமா? ஒருவருக்குச் சிவப்பணு 90 நாளிலேயே அழிகிறது என்று வைப்போம். ஜாடியிலுள்ள காயின் சராசரி வயது 60 நாளிலிருந்து 45 ஆகிவிடும். பாகு அதே பாகுதான். காய்க்குத்தான் ஊற நேரமில்லை. தோராயக் கணக்கில், 8 காட்ட வேண்டியது 6 காட்டும். சராசரி சர்க்கரையாகச் சொன்னால் 183 இருப்பவரை 126 என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடும். “கன்ட்ரோல்ல இருக்கு” என்று அவரும் நிம்மதியாக மைசூர்பாகை நோக்கிக் கை நீட்டுவார்.

யாருக்கு இப்படி ஆகும்? சிவப்பணு சீக்கிரம் உடையும் நோய் உள்ளவர்களுக்கு. 1952இலேயே நீலகிரிப் பழங்குடிகளிடம் கண்டறியப்பட்ட சிக்கிள் செல் நோய் அவற்றில் ஒன்று. சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு. சமீபத்தில் நிறைய ரத்தம் இழந்தவர்களுக்கு. கர்ப்பிணிகளுக்கும் நடு மாதங்களில் எண் இறங்கித் தெரியும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. நம் ஊரில் அதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும் என்பது என் எண்ணம். இரும்புச்சத்துக் குறைந்தால் புதுக் காய் வரத்துக் குறைகிறது. பழங்காய்களே ஜாடியை ஆள்கின்றன. சர்க்கரை ஏறாமலே எண் ஏறிவிடக்கூடும். எல்லைக்கோட்டில் 6.6 வந்து பதறும் பெண்ணுக்கு உண்மையில் தேவை இரும்பு மாத்திரையாகவும் இருக்கலாம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எல்லாமே இரும்புக் குறைவால் அல்ல என்றாலும் அது ஒரு முக்கியக் காரணம். மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் புதுக் காய்கள் குவியும், எண் மளமளவென்று இறங்கும். அதையும் ‘சுகர் குறைந்தது’ என்று கொண்டாடக் கூடாது.

இதற்காக ஹெச்பிஏ1சியைக் குப்பையில் போட வேண்டாம். பெரும்பாலோருக்கு அது நம்பகமான டெஸ்ட்தான். குளுக்கோமீட்டர் சொல்வதும் அது சொல்வதும் முட்டிக்கொண்டாலோ, மேலே சொன்ன காரணம் ஏதாவது இருந்தாலோ சந்தேகப்பட வேண்டும். அப்போது ஃப்ரக்டோசமைன் என்ற டெஸ்ட் உண்டு. அது ரத்தத்திலுள்ள மற்ற புரதங்களில் ஒட்டிய சர்க்கரையைப் பார்ப்பதால் சிவப்பணுவின் ஆயுள் குறுக்கே வராது. ஆனால் இரண்டு மூன்று வாரக் கதைதான் சொல்லும்.

அடுத்த முறை மூணு மாச சுகர் எடுக்கும்போது ஹீமோகுளோபின் அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்பு மாத்திரை சாப்பிட்டாலோ, ரத்தம் ஏற்றியிருந்தாலோ, மண்ணீரலை எடுத்திருந்தாலோ டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.