எரிமலைகளின் பரம்பல்: புவியிலும் பிற உலகங்களிலும்

புவியின் உட்புறம் முழுவதும் தீக்குழம்பாக உள்ளதென்றும், அது நலிந்த இடங்கண்டு எரிமலையாகப் பீறிடுகின்றதென்றும் பலர் கருதுவர். உண்மை அதுவன்று. நம் காலடியிலிருந்து ஏறத்தாழ 2,900 கிலோமீற்றர் ஆழம்வரை உள்ள பாறை, மிகுந்த வெப்பமுடையதாயினும், பெரும்பாலும் திண்மமாகவே இருக்கின்றது. மேலுள்ள பாறைகளின் பாரமே அதனை உருகவிடாது தடுக்கின்றது. எனவே, எரிமலைகள் எங்குள்ளன என்னும் வினா, திண்மப் பாறை எங்கு, எக்காரணத்தால் உருகுகின்றது என்னும் வினாவேயாகும்.

புவியின் வன்மையான வெளிப்புறம் பல பெருந்தகடுகளாகப் பிரிந்து, ஆண்டொன்றுக்குச் சில சென்ரிமீற்றர் வீதம் அசைகின்றது. அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே இரு தகடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. அவ்விடைவெளியில் மேலெழும் பாறை, அழுத்தம் குறைவதனால் உருகுகின்றது. புவியின் எரிமலைச் செயற்பாட்டிற் பெரும்பகுதி இவ்வாறு கடலடியில், மனிதர் கண்ணிற்படாமலே நிகழ்கின்றது. ஐஸ்லாந்து அதன் கடல்மட்டத்துக்கு மேலெழுந்த பகுதியாகும். 1963இல் அதன் தென்கரைக்கு அப்பால் சேர்ட்சி என்னும் புதிய தீவே தோன்றியது.

இரண்டாவது முறை இதற்கு மாறானது. பசுபிக் சமுத்திரத்தைச் சூழ்ந்து, அந்தீசு மலைகளிலும் யப்பானிலும் பிலிப்பைன்சிலும் கடலடித் தகடுகள் பிற தகடுகளின் கீழ் அமிழ்கின்றன. அமிழுந் தகடு தன்னொடு கொண்டுசெல்லும் நீர், ஆழத்தில் வெளியேறி, மேலுள்ள பாறையின் உருகுநிலையைத் தாழ்த்துகின்றது. இவ்வாறு பிறக்கும் குழம்பு பாகுத்தன்மையும் வாயுவும் மிக்கது. ஆதலின் வெடித்துச் சிதறும் இயல்புடையது. இந்தோனீசியாவில் இந்து சமுத்திரப் பக்கமாக இதே நிகழ்வு நடைபெறுகின்றது. 1815இல் தம்போராவும் 1883இல் கிரக்கட்டோவாவும் வெடித்தமை இதனாலேயாம்.

ஹவாய்த் தீவுகளோ தகட்டு விளிம்பிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தொலைவில் உள்ளன. ஆழத்திலிருந்து எழும் வெப்பப் பகுதியொன்றின்மீது தகடு நகர்ந்து செல்வதால் தீவுகள் வரிசையாகத் தோன்றின என 1963இல் கனடிய அறிஞர் வில்சன் விளக்கினார். இது மூன்றாவது முறையாகும்.

இம்மூன்று காரணங்களுள் ஒன்றேனும் இலங்கைக்குப் பொருந்துவதில்லை. எமது நாடு தகட்டு விளிம்புகளுக்குத் தொலைவில், மிகத் தொன்மையான உருமாறிய பாறைகளின்மீது அமைந்துள்ளது. ஆயினும் எரிமலையின் விளைவுகளுக்கு நாம் முற்றிலும் அப்பாற்பட்டவரல்லர். கிரக்கட்டோவா வெடித்தபோது எழுந்த அலைகள் 36,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டன. அன்று காலியிலும் கடல் பின்வாங்கிப் பெருகியமை பதிவாகியுள்ளது.

இனி, பிற உலகங்களை நோக்குவோம். சிறிய கோள் விரைவில் குளிரும் என்பது பொதுவிதி. சந்திரனின் கரும்பரப்புகள் பழைய எரிமலைக் குழம்பு உறைந்தவையே. இன்று அங்கு எரிமலை இயங்குவதில்லை. இவ்விதியின்படி, சந்திரனைவிடச் சற்றே பெரிதான வியாழனின் உபகோள் அயோவும் அடங்கியிருத்தல் வேண்டும். ஆனால் பீல், கசன், றெனால்ட்சு என்னும் மூவர் வேறு முடிவுக்கு வந்தனர். அயல் உபகோள்களின் ஈர்ப்பினால் அயோவின் பாதை சற்று நீள்வட்டமாகவே நிலைக்கின்றது. அதனால் வியாழனின் ஈர்ப்பு அதனை இடைவிடாது பிசைகின்றது. அவ்வுராய்வு வெப்பம் பாறையை உருக்கும் என அவர்கள் கணித்தனர். அக்கட்டுரை 1979 மார்ச் 2ஆந் திகதி வெளிவந்தது. ஆறு நாட்களின் பின் வொயேஜர்-1 எடுத்த படத்தில் அயோவின் விளிம்பில் எரிமலைப் புகைமுகில் தெரிந்தது! இன்று அங்கு 400க்கு மேற்பட்ட இயங்கும் எரிமலைகள் அறியப்பட்டுள்ளன.

சனியின் உபகோளாகிய என்சலடசு ஏறத்தாழ 500 கிலோமீற்றர் விட்டமே உடையது. அங்கும் ஈர்ப்புப் பிசைவு செயற்படுகின்றது. ஆனால் வெளிப்படுவது பாறைக்குழம்பன்று, நீராவியும் பனித்துகளுமாகும். இதனை 2005இல் கசினி விண்கலம் கண்டறிந்தது. வெள்ளியிலோ, 1991இல் மகெலன் கலம் எடுத்த படங்களில் எரிமலை வாயொன்று சில மாதங்களில் உருமாறியிருந்தமை 2023இலேயே வெளிப்பட்டது.

எரிமலை, ஓர் உலகத்தின் உள்வெப்பம் வெளியேறும் வாயிலாகும். அவ்வெப்பத்தின் ஊற்று உலகுக்கு உலகு வேறுபடும். அதனை அறிதல் வெறும் ஆர்வத்துக்குரியதன்று. 1991இல் பிலிப்பைன்சின் பினற்றுபோ வெடிக்குமுன் அதன் அறிகுறிகளை விஞ்ஞானிகள் உணர்ந்துரைத்தமையால், பல்லாயிரம் மக்கள் உரிய வேளையில் அகற்றப்பட்டு உயிர்பிழைத்தனர்.