தறப்பாள் வேண்டாம் என்றார் அம்மா

சென்ற வருடம் ஆவணி விடுமுறை தொடங்கும்போது, எங்காவது போய் இரண்டு இரவு தங்கி வருவோம் என்று என் பிள்ளைகள் கேட்டார்கள். எங்கள் வீட்டில் இது புதிய பேச்சு. ஓடிப்போய்த் தங்கிய இடங்களுக்குக் கணக்கில்லை. 2008 இல் விடத்தல்தீவை விட்டு வெளிக்கிட்டதிலிருந்து 2010 இல் திரும்பி வரும்வரை பாடசாலையிலும் மரத்தடியிலும் பதுங்குகுழியிலும் தங்கினோம். கடைசியில் செட்டிகுளம் மெனிக் பாமில் பதினான்கு மாதம் இருந்தோம். ஆனால் ஆசைக்கென்று வீட்டுக்கு வெளியே ஒரு இரவுகூடப் படுத்ததில்லை.

தையலில் மிச்சம் பிடித்துச் சீட்டுக் கட்டியதில் கொஞ்சப் பணம் கைக்கு வந்திருந்தது. சரி, போவோம் என்றேன். எங்கே தங்குவது என்பதில்தான் இழுபறி.

மகன் பாடசாலைச் சாரணர் குழுவில் இருக்கிறான். கூடாரம் இரவல் வாங்கி வருகிறேன், காட்டோரம் அடித்துத் தங்குவோம் என்று துள்ளினான். அம்மா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்.

"தறப்பாளுக்குக் கீழ இனி நான் படுக்க மாட்டன் பிள்ளை. செத்தாலும் ஓட்டுக்குக் கீழதான்."

"இது தறப்பாள் இல்ல அம்மம்மா, கூடாரம்" என்றான் அவன்.

அவனுக்கு என்ன தெரியும்? முகாமுக்குள் நாங்கள் போனபோது அவன் கைக்குழந்தை. தவழப் பழகியதே அந்த வெள்ளைக் கூடாரத்துக்குள்தான். மத்தியான வெயிலில் அது சூடேறி வீசும் மணமும், 2009 ஆவணி மழையில் வெள்ளம் உள்ளே வந்தபோது அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நாங்கள் விடியும்வரை நின்றதும் எங்களுக்குத்தான் நினைவு. அவனுக்குக் கூடாரம் என்றால் விளையாட்டு. இருவரில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் தலைமன்னார்ப் பக்கக் கடற்கரையில் ஒரு கபானாவைப் போய்ப் பார்த்தேன். கடற்காற்றில் பட்டம் பிடித்து அலைமேல் சறுக்கி விளையாட வெளிநாட்டார் வருகிறார்கள் அல்லவா, அவர்களுக்காகக் கட்டியது. கிடுகு வேய்ந்த சிறு குடில்கள், பார்க்க அழகுதான். அம்மாவுக்கும் கிடுகு என்றால் சம்மதம். ஆனால் ஓர் இரவு வாடகை என் ஒரு மாதத் தையல் கூலி. சமைக்க விடமாட்டார்களாம். மலசலகூடம் பொதுவாக ஒரு மூலையில் இருந்தது; இரவில் மணலில் நடந்து போக வேண்டும், வழியில் விளக்கில்லை. கதவைச் சாத்திப் பார்த்தேன், உட்பக்கம் கொளுக்கி இல்லை. பதினெட்டு வயதுப் பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு அங்கே எனக்கு நித்திரை வராது. வில்பத்துக் காட்டில் வனசீவராசிகள் திணைக்களத்தின் தங்குமனைகள் உண்டு என்று ஒருவர் சொன்னார். முன்கூட்டியே பதிய வேண்டும், வாகனமும் வேண்டும், அரிசி பருப்பிலிருந்து எல்லாம் கொண்டுபோக வேண்டும். அந்த யோசனையை அப்போதே விட்டுவிட்டேன்.

கடைசியில் "மடுவுக்குப் போவமே" என்றது அம்மாதான்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நம் பகுதியில் குடும்பமாகக் காட்டில் கூடாரம் போட்டுத் தங்கும் வழக்கம் மடுவில்தான் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. ஆடி 2 ஆம் திகதித் திருவிழாவுக்கும் ஆவணி 15 ஆம் திகதித் திருவிழாவுக்கும் சனங்கள் நாட்கணக்கில் முன்னரே வந்து, மரங்களுக்கிடையே கயிறு கட்டித் தறப்பாள் இழுத்து, கல் வைத்துச் சமைத்துத் தங்குவார்கள். நீர்கொழும்பு, சிலாபம் பக்கச் சிங்களக் குடும்பங்களும் வரும், சைவக் குடும்பங்களும் வரும். அம்மா சிறுமியாகப் போன காலத்தில் தறப்பாள் இல்லை. தடி நட்டுக் கிடுகால் கொட்டில் போடுவார்களாம்.

அதே மடு பிறகு அகதிகளின் இடமானது. 1990 இலிருந்து ஆயிரக்கணக்கானோர் அங்கே தஞ்சமிருந்தார்கள். 1999 நவம்பர் 20 அன்று கோயில் வளவில் எறிகணை விழுந்து நாற்பது பேரளவில் இறந்தார்கள். 2008 ஏப்ரலில் மாதாவின் சொரூபத்தையே தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது; ஆவணியில்தான் அது திரும்பி வந்தது. 2015 ஜனவரி 14 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்தபோது அயலவர் எல்லோரும் போனார்கள். அம்மா மட்டும் வீட்டில் இருந்துவிட்டார். அப்படிப்பட்டவர் தானாக மடு என்றபோது நான் மறுபேச்சுப் பேசவில்லை.

தறப்பாள் இல்லாமல் மடுவில் தங்க வழி உண்டு. யாத்திரிகர்களுக்கென்று கட்டிய வீடுகள் இருக்கின்றன, கோயில் நிர்வாகத்திடம் கேட்டுப் பெறலாம். திருவிழா நாட்களில் கிடைப்பது பெரும்பாடு. ஆகவே ஆவணித் திருவிழா முடிந்து ஒரு வாரம் கழித்துப் போவதென்று தீர்மானித்தோம்.

சகோதரிகளே, எந்த இடமானாலும் பணம் கொடுக்குமுன் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். முடியாவிட்டால் தெரிந்த ஒருவரையாவது அனுப்புங்கள். நான் ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். கதவு உள்ளே பூட்டுமா, குழாயில் தண்ணீர் எந்நேரம் வரும், விறகடுப்பு மூட்டலாமா, பக்கத்து வீட்டில் யார் தங்கப் போகிறார்கள், வாடகை ஆளுக்கா அறைக்கா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் மேலாகக் குளிக்கும் இடத்தைப் பார்த்தேன். முகாமில் ஆயிரம் கண்களுக்கு முன் குறுக்குக்கட்டோடு நின்று வாளித் தண்ணீரில் குளித்தவர்கள் நாம். நாலு சுவரும் ஒரு கதவும் இல்லாத இடத்துக்கு என் மகளைக் கூட்டிப்போக மாட்டேன். மாதவிடாய்த் துணியை எங்கே போடுவது என்றும் கேட்டேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. கேட்காமல் போயிருந்தால் அங்கே போய் அந்தரப்பட்டிருப்போம்.

அயல் வீட்டாரும் வருவதாகச் சொன்னதால் வான் கூலியைப் பாதிப்பாதியாகப் போட்டோம். தீவுப் பக்கம் இருப்பவர்களுக்கு ரயில் வசதி. 2015 இல் தலைமன்னார்வரை மீண்டும் திறந்த பாதையில் மடு றோட் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து கோயிலுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர். இறங்கியபின் எதில் போவதென்று முன்னமே பேசி வைப்பது நல்லது.

கொண்டுபோனவை: பாய், நுளம்புவலை, ரோச்லைற், இரண்டு சட்டி, அரிசி, கருவாடு, அம்மாவின் பிறெசர் குளிசை. விறகுக்கென்று காட்டுக்குள் இறங்கக் கூடாது என்று மகனிடம் சத்தியம் வாங்கினேன். கண்ணிவெடி அகற்றிய இடம்தான், ஆனாலும் பாதையை விட்டு இறங்க எனக்குத் துணிவில்லை. படுக்குமுன் பாயை உதற வேண்டும். முதல் இரவே ஒரு தேள் விழுந்தது.

கூடாரத்தை மகன் விடவில்லை. வீட்டுக்கு முன்னால் முற்றத்தில் அடித்தான். நீல நிறம், சிறியது. அம்மா அந்தப் பக்கம் பார்க்காமல் விறாந்தையில் முதுகு காட்டி இருந்தார். மத்தியானம் வெயில் ஏறி அந்தச் சூட்டு மணம் வீசியபோது எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அழைத்து வந்தது பிழையோ என்று எனக்கு நெஞ்சு கனத்தது. மகனிடம் சொல்லிக் கூடாரத்தைக் கழற்றவும் நினைத்தேன். அம்மாவே தடுத்தார். "அவன் இருக்கட்டும். எனக்கு உள்ள இடமிருக்குத்தானே" என்றார்.

இரண்டாம் இரவு நடுச்சாமம் விழித்தேன். பாயில் அம்மாவைக் காணவில்லை. ரோச்லைற்றுடன் வாசற்படியில், கூடாரத்து வாயைப் பார்த்தபடி இருந்தார்.

"என்னம்மா?"

"பாம்பு பூச்சி வரும். பெடியன் தனியக் கிடக்கிறான்."

நானும் பக்கத்தில் இருந்தேன். அம்மா தானாகவே கதைத்தார். பாலை மரத்தடியில் அப்பு கொட்டில் போட்டது, பக்கத்துக் கொட்டிலில் சிலாபத்து அக்கா ஒருவர் சீனிச்சம்பல் தந்தது, திருவிழா முடிந்து வண்டிலில் ஏறமாட்டேன் என்று தான் அழுதது. முகாமிலிருந்து வந்தபின் அவர் இப்படிக் கதைத்து நான் கேட்டதில்லை. கூடாரத்துக்குள் அவர் போகவில்லை. நானும் கேட்கவில்லை.

காலையில் தேத்தண்ணிக் கோப்பையுடன் முற்றத்தில் இறங்கிக் கூடாரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"தம்பி, உனக்குச் சாரணர் மாஸ்ரர் இதெல்லாம் சொல்லித் தரேல்லையா? கயிறு தளர்ந்திருக்கு. சுத்திவர வாய்க்கால் எங்க? மழை வந்தா உள்ள தண்ணி நிக்கும்."

"மழை இல்லையே அம்மம்மா."

"நீ வெட்டு. எவ்வளவு ஆழமெண்டு நான் காட்டுறன்."

மண்வெட்டி இல்லை. அகப்பைக் காம்பால் அம்மா கோடு கிழிக்க, மகனும் மகளும் தடியால் தோண்டினார்கள். தண்ணீர் ஓடிப்போகும் பக்கத்தைத் தாழ்வாக விடச் சொன்னார். வான் பத்து மணிக்கு வரும் என்று நான் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. வீட்டுத் திறப்பைக் கொடுக்குமுன் அந்த வாய்க்காலை மூடி மண்ணை மிதித்துச் சமப்படுத்தவே அரை மணித்தியாலம் போய்விட்டது.